எக்ஸ்2, கே56பிளெக்ஸ், வி.90: 56கே மொடெம் வாங்குமுன் கேட்க வேண்டியிருந்த கேள்விகள்

1998 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், திருகோணமலை மத்திய வீதியில் தொலைபேசி, தொலைநகல், தட்டச்சு, நிழற்பிரதி எல்லாவற்றையும் ஒரே அறைக்குள் வைத்துக் ‘கொமியூனிக்கேஷன்’ நடத்திவந்த என் மாமா, கடைக்கு மின்னஞ்சல் வசதியும் வேண்டும் என்று முடிவெடுத்தார். பம்பலப்பிட்டியிலிருந்த ஒரு கணனிக் கடைக்குத் தொலைபேசியில் பேசி, கணனியைத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கும் மொடெமின் விலை கேட்டபோது, விலையைச் சொல்வதற்கு முன்பே மறுமுனையிலிருந்து ஒரு கேள்வி வந்தது: எக்ஸ்2 வேண்டுமா, கே56பிளெக்ஸ் வேண்டுமா? இரண்டும் 56கே, அதாவது விநாடிக்கு 56,000 பிட் வேகம் என்று விற்கப்பட்ட மொடெம்கள்தான். இரண்டின் பெட்டியிலும் 56 என்ற எண் ஒரே பருமனில் அச்சிடப்பட்டிருந்தது. விலையிலும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. மாமா தொலைபேசியை வைத்துவிட்டு என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: “தம்பி, எது நல்லது எண்டு வடிவாப் பாத்துச் சொல்லு. மாத்திறதுக்கு நான் இன்னொருக்காக் கொழும்புக்குப் போகேலாது.”

அவர் சொன்னதில் மிகையில்லை. அந்த நாட்களில் திருகோணமலையிலிருந்து கொழும்புக்குப் போய் வருவது 250 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பஸ் பயணம் மட்டுமன்று. வழியிலுள்ள ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கி, பையைத் திறந்து, உள்ளே வயரோடும் சிறு விளக்குகளோடும் கிடக்கும் கறுத்தப் பெட்டி என்ன என்பதைச் சிங்களத்தில் விளக்கிச் சொல்ல வேண்டிய பயணமும்கூட. ஆகவே, வாங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது கொழும்பில் இருப்பவருக்குப் பொருந்தலாம். எங்களுக்கு எல்லாக் கணக்கையும் வாங்குவதற்கு முன்பே போட்டு முடிக்க வேண்டியிருந்தது. அந்தக் கணக்கைப் போட உட்கார்ந்தபோதுதான், கடைக்காரர் கேட்ட கேள்வி கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி என்பது எனக்குப் புலப்பட்டது.

தொலைபேசி இணைப்பு மனிதக் குரலுக்காக வடிவமைக்கப்பட்டது. ஏறத்தாழ 300 ஹேர்ட்ஸ் முதல் 3400 ஹேர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களை மட்டுமே அது மறுமுனைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். கணனியின் பிட்டுகளை இந்த ஒடுக்கமான வழிக்குள் அடங்கும் ஒலியாக மாற்றி அனுப்புவதும், வருகின்ற ஒலியை மீண்டும் பிட்டுகளாக்குவதும் மொடெமின் வேலை. 1991 இல் வந்த வி.32பிஸ் நியமம் விநாடிக்கு 14,400 பிட்டுகளைத் தந்தது. 1994 இல் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் ஏற்றுக்கொண்ட வி.34 அதை இரட்டித்து 28,800 ஆக்கியது. 1996 இல் அதே நியமம் விரிவாக்கப்பட்டு 33,600 ஐ எட்டியது. இதற்கு மேல் போக முடியாது என்றே அப்போது பொறியியலாளர்களில் பெரும்பாலோர் நம்பினார்கள், அந்த நம்பிக்கைக்கு உறுதியான காரணமும் இருந்தது.

உங்கள் வீட்டுக் கம்பியில் வரும் குரல், தொலைபேசிப் பரிவர்த்தனை நிலையத்தை, அதாவது ஊர்வழக்கில் எக்ஸ்சேஞ்சை அடைந்ததும் டிஜிட்டல் எண்களாக மாற்றப்படுகிறது. ஒரு விநாடியில் 8,000 தடவை கம்பியின் மின்னழுத்தம் அளக்கப்பட்டு, ஒவ்வொரு அளவும் 8 பிட்டுகளால், அதாவது 256 மட்டங்களில் ஒன்றாகக் குறிக்கப்படுகிறது. இரண்டு மட்டங்களுக்கு இடையில் விழும் மின்னழுத்தம் எதுவாயினும் அது அண்மையிலுள்ள மட்டத்துக்குத் தள்ளப்படும். இவ்வாறு தள்ளப்படும்போது உண்டாகும் சிறு பிழை, காதுக்குக் கேளாவிட்டாலும், மொடெமுக்கு இரைச்சல்தான். இரைச்சலுள்ள ஒரு வழியில் பிழையின்றி அனுப்பக்கூடிய உச்ச வேகத்துக்கு கிளோட் ஷனன் 1948 இல் வகுத்த சூத்திரத்தில் 3,100 ஹேர்ட்ஸ் அகலத்தையும் ஏறத்தாழ 35 டெசிபெல் சமிக்ஞை–இரைச்சல் விகிதத்தையும் இட்டுப் பார்த்தால், விடை விநாடிக்கு 36,000 பிட்டுகளை ஒட்டி வருகிறது. 33,600 என்பது சுவரைத் தொட்டுவிட்ட வேகம் என்பது இதிலிருந்தே விளங்கும்.

அப்படியானால் 56,000 எங்கிருந்து வந்தது? சுவரை உடைத்து வரவில்லை; சுவர் ஒரு பக்கத்தில் இல்லை என்பதைக் கவனித்ததால் வந்தது. சந்தையில் அரிசி நிறுக்கும் வியாபாரியை எண்ணிப் பாருங்கள். அவரிடம் இருப்பவை குறிப்பிட்ட சில படிக்கற்கள் மட்டுமே. நீங்கள் அளவில்லாமல் அள்ளிக் கொண்டுபோன அரிசியை அவர் நிறுத்தால், அண்மையிலுள்ள கல்லின் அளவுக்குக் கூட்டியோ குறைத்தோதான் சொல்வார். பிழை அங்கே நிகழ்கிறது. ஆனால் அவருடைய கற்களையே ஒவ்வொன்றாக எடுத்து உங்கள் கையில் வைத்து, “இது எந்தக் கல்?” என்று கேட்டால், அங்கே கூட்டிக் குறைக்க எதுவும் இல்லை, கையில் இருப்பது எந்தக் கல் என்று நீங்கள் சரியாக உணர்ந்தால் போதும். இணையச் சேவை நிறுவனம் தொலைபேசி வலைப்பின்னலோடு சாதாரண அனலொக் கம்பியால் இணையாமல் நேரடியாக டிஜிட்டல் இணைப்பால் இணைந்திருந்தால், அது அனுப்பும் 8 பிட் எண்கள் எந்த அளவீட்டுக்கும் உள்ளாகாமல் உங்கள் ஊர் எக்ஸ்சேஞ்ச் வரை அப்படியே வந்துசேரும். அங்கேதான் அவை முதன்முறையாக மின்னழுத்தமாக மாறி, உங்கள் வீட்டுச் செப்புக் கம்பியில் இறங்குகின்றன. விநாடிக்கு 8,000 தடவை, வந்தது எந்த மட்டம் என்று அடையாளம் காண்பதுதான் உங்கள் மொடெமின் வேலை.

256 மட்டங்களையும் பிரித்தறிய முடிந்தால் 64,000 பிட்டுகள் கிடைக்கும். ஆனால் பூச்சியத்தை ஒட்டிய மட்டங்கள் ஒன்றோடொன்று மிக நெருக்கமாக அமைந்திருப்பதால், சிறிதளவு இரைச்சலிலும் அவை குழம்பிவிடும். அவற்றைக் கழித்துவிட்டு ஏறத்தாழ 128 மட்டங்களோடு நின்றால், 7 பிட்டுகளை 8,000 ஆல் பெருக்கி 56,000 வருகிறது. பெட்டியில் இருந்த எண்ணின் பிறப்பு இதுதான். அமெரிக்காவில் கம்பியில் செலுத்தக்கூடிய சக்திக்கு அந்நாட்டு ஒழுங்குவிதிகள் இட்ட வரம்பினால் அது நடைமுறையில் 53,000 ஆகக் குறைந்தது. நமக்கு அந்த விதி பொருந்தாது என்றாலும், 53 ஐ எங்கள் ஊரில் நான் ஒருபோதும் கண்டதில்லை.

இந்த வழி ஒருதிசை வழி என்பதைப் பெட்டி சொல்லவில்லை. உங்கள் மொடெம் அனுப்பும் ஒலி எக்ஸ்சேஞ்சில் பழையபடியே அளக்கப்படுகிறது. பழைய பிழையும் அங்கே ஏற்படுகிறது. ஆகவே தரவேற்றம், எக்ஸ்2 ஆனாலும் கே56பிளெக்ஸ் ஆனாலும், வி.34 இன் எல்லையைத் தாண்டவில்லை. மாமாவின் கடையைப் பொறுத்தவரை இது சிறிய விடயமன்று. கனடாவிலும் நோர்வேயிலும் இலண்டனிலும் இருக்கும் உறவினருக்குக் கடிதமும், ஸ்கேன் செய்த கலியாணப் படமும் அனுப்ப வருபவர்களே அவருடைய வாடிக்கையாளர்கள். 300 கிலோபைட் அளவுள்ள ஒரு படம் மின்னஞ்சல் இணைப்பாக மாற்றப்படும்போது மூன்றில் ஒரு பங்கு பெருத்து 400 கிலோபைட் ஆகும். அதை 31,200 பிட் வேகத்தில் அனுப்ப ஏறத்தாழ ஒன்றே முக்கால் நிமிடம் வேண்டும். மொடெம் பெட்டியில் 33.6 என்று எழுதியிருந்தாலும் 56 என்று எழுதியிருந்தாலும் அந்த ஒன்றே முக்கால் நிமிடம் மாறாது. அனுப்புவதே பிரதானமான கடைக்கு 56கே மொடெம் வாங்கும் அவசரம் இல்லை என்பதே என்னுடைய முதலாவது முடிவு. மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. பெயர்ப்பலகையில் ‘56கே’ என்று எழுதுவதற்கு ஒரு வியாபாரப் பெறுமதி உண்டு என்பது அவருடைய வாதம். அதை நான் மறுக்கவில்லை.

இனி, இரண்டு முகாம்களின் கதை. டிஜிட்டல் மட்டங்களை நேரடியாகப் படிக்கும் இந்த உத்திக்கு முன்னோடியான காப்புரிமைகளைப் பெற்றவர்களில் ஒருவர் பிரென்ட் டவுன்சென்ட் என்ற பொறியியலாளர். யூ.எஸ். ரொபொட்டிக்ஸ் நிறுவனம் அவருடைய உரிமத்தைப் பெற்று, எக்ஸ்2 என்ற பெயரில் 1996 இன் பிற்பகுதியில் தன் தொழினுட்பத்தை அறிவித்து, 1997 இன் தொடக்கத்தில் மொடெம்களைச் சந்தைக்கு விட்டது. அதே வேளையில் ரொக்வெல் நிறுவனமும், ஏ.டி. அண்ட் டி.யிலிருந்து பிரிந்து வந்திருந்த லூசென்ட் நிறுவனமும் தத்தம் வழிகளில் இதே இலக்கை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. தனித்து நின்றால் எக்ஸ்2 முந்திவிடும் என்று கண்ட அவை இரண்டும் ஒன்றிணைந்து உருவாக்கியதே கே56பிளெக்ஸ். மொடெம் உற்பத்தியாளர்களில் கணிசமானோர் ரொக்வெலின் சிப்புகளை வாங்கிப் பயன்படுத்துபவர்கள் என்பதால் அந்த முகாமில் பெயர்கள் அதிகம். எக்ஸ்2 முகாமில் பெயர்கள் குறைவு, ஆனால் யூ.எஸ். ரொபொட்டிக்ஸ் ஒன்றே பெரும் பங்கு. 1997 நடுப்பகுதியில் அதை 3கொம் நிறுவனம் வாங்கியது.

இரண்டும் ஒரே உண்மையைப் பயன்படுத்தினாலும், மட்டங்களைத் தெரிவுசெய்யும் விதத்திலும், இணைப்பின் தொடக்கத்தில் கம்பியைச் சோதித்து அறியும் விதத்திலும் வேறுபட்டன. எக்ஸ்2 மொடெம் கே56பிளெக்ஸ் மொடெமோடு 56கே மொழியில் பேச முடியாது. இங்கே பலர் தவறாக விளங்கிக்கொண்ட ஒன்றைத் தெளிவாக்க வேண்டும்: பேச முடியாது என்றால் இணைப்பே கிடைக்காது என்று பொருளன்று. இரண்டு மொடெம்களும் பொதுவாக அறிந்த வி.34 க்கு இறங்கி, 33,600 அல்லது அதற்குக் கீழ் இணைந்துவிடும். மாமா பதிவுசெய்ய எண்ணியிருந்த இணையச் சேவைக்குத் தொலைபேசியில் பேசி, “உங்களிடம் இருப்பது எக்ஸ்2வா, கே56பிளெக்ஸா?” என்று நான் கேட்டபோது, “எல்லா மொடெமும் வேலை செய்யும்” என்று ஒரு பதில் வந்தது. அது முற்றிலும் உண்மை. அதனால் எங்களுக்கு எள்ளளவும் பயனில்லை.

ஏனென்றால் தேர்வு உண்மையில் நடந்தது கடையில் அன்று. சேவை நிறுவனத்தின் அறையில் நின்ற இரும்புத் தட்டில். 56கே இணைப்பில் இரண்டு முனைகளும் சமமானவை அல்ல: ஒரு முனையில் வாடிக்கையாளரின் சிறு பெட்டி, மறுமுனையில் டிஜிட்டல் இணைப்போடு நிற்கும் பெரிய இயந்திரம். அந்த இயந்திரத்தை யூ.எஸ். ரொபொட்டிக்ஸிடம் வாங்கிய நிறுவனம் எக்ஸ்2 பக்கம். அசென்ட் போன்ற உற்பத்தியாளர்களிடம் வாங்கிய நிறுவனம் கே56பிளெக்ஸ் பக்கம். அமெரிக்காவில் சில நிறுவனங்கள் இரண்டையும் வாங்கி, இரண்டு தனித்தனி எண்களைக் கொடுத்தன. நம் நாட்டில் வணிக ரீதியான இணையச் சேவை தொடங்கி அப்போது மூன்று ஆண்டுகள்கூட நிறையவில்லை. ஒரு தடவை வாங்கிய இயந்திரத்தை உடனே மாற்றும் வசதி அந்தச் சந்தைக்கு இருக்கவில்லை. ஆகவே வாங்குபவர் கேட்க வேண்டிய முதற் கேள்வி, “நான் டயல் செய்யப்போகும் எண்ணின் மறுமுனையில் நிற்பது யாருடைய இயந்திரம்?” என்பதே. அதற்கு விடை கிடைக்காவிட்டால், அதே எண்ணுக்கு ஏற்கெனவே டயல் செய்யும் ஒருவரைத் தேடிப்பிடித்து, அவருடைய திரையில் எந்த எண் வருகிறது என்று கேட்பது அடுத்த வழி.

அந்த எண்ணை வாசிக்கத் தெரிந்தால் அதிலிருந்து வியக்கத்தக்க அளவு விபரம் கிடைக்கும். வி.34 இன் வேகங்கள் 2,400 இன் மடங்குகளாக ஏறும்: 26,400, 28,800, 31,200, 33,600. கே56பிளெக்ஸின் படிகள் 2,000 பிட் இடைவெளியில் அமைந்தவை: 42,000, 44,000, 46,000. எக்ஸ்2 வும், பின்னர் பொது நியமமாக வந்த வி.90 உம் 8,000 ஐ ஆறால் வகுத்த 1,333 பிட் இடைவெளியில் ஏறுபவை: 42,667, 44,000, 45,333, 46,667. நண்பர் ஒருவர் கொழும்பிலிருந்து 46,000 என்று சொன்னால் மறுமுனை கே56பிளெக்ஸ். 45,333 என்றால் அது நிச்சயமாகக் கே56பிளெக்ஸ் அன்று. 31,200 என்றால் எந்த 56கே மொழியும் பேசப்படவில்லை. இங்கே சொன்ன எண்களில் 44,000 மட்டும் இரண்டு ஏணிகளுக்கும் பொதுவான படி. அதை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. இதில் இன்னொரு பொறியும் உண்டு. திரையில் 115,200 என்று வந்தால் சிலர் மகிழ்ந்து போவார்கள். அது மொடெமுக்கும் கணனிக்கும் இடையிலுள்ள ஒன்றரை முழ வயரின் வேகமே ஒழியத் தொலைபேசிக் கம்பியின் வேகமன்று. ரொக்வெல் சிப் உள்ள மொடெம்களில் டயல் செய்வதற்கு முன் ‘ஏ.டி.டபிள்யூ.2’ என்ற கட்டளையைக் கொடுத்தால் உண்மையான எண் காட்டப்படும்.

கட்டளைகளைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. ‘ஏ.டி.’ என்று தொடங்கும் இந்தக் கட்டளை மொழியை 1981 இல் உலகுக்குத் தந்த ஹேய்ஸ் நிறுவனம், கே56பிளெக்ஸ் முகாமில் நின்று இந்தச் சண்டையையும் கண்டு, 1999 இன் தொடக்கத்தில் மூடப்பட்டது. அதன் கட்டளைகள் அதன் போட்டியாளர்கள் எல்லோருடைய மொடெம்களிலும் தொடர்ந்து வாழ்ந்தன.

இத்தகைய சண்டை முதற்தடவையாக நடந்ததும் அன்று. வி.34 முடிவாவதற்கு முன், 28,800 வேகத்துக்கு ரொக்வெல் தனக்கென வி.எப்.சி. என்ற முறையை உருவாக்கிச் சிப்புகளை விற்றது. பொது நியமம் வந்தபோது அந்த மொடெம்களில் பல அதற்கு மாற முடியாமல் போயின. இந்த முன்னனுபவத்தைக் கொண்டு பார்த்தால், இரண்டு முகாம்களும் நின்று பிடிக்கும் என்று நினைக்கக் காரணமில்லை. பொது நியமம் ஒன்று வரும், அது எப்போது வரும், வரும்போது கையிலுள்ள பெட்டி அதற்கு மாறுமா என்பவையே எஞ்சிய கேள்விகள். 1998 பெப்ரவரியில் ஜெனீவாவில் வரைவு இணங்கப்பட்டது; அதே ஆண்டு செப்ரெம்பரில் அது வி.90 என்ற பெயரில் முறைப்படி ஏற்றுக்கொள்ளப்பட்டது. இரண்டு முகாம்களிலிருந்தும் கூறுகளை எடுத்த ஒரு சமரசம் அது.

கையிலுள்ள பெட்டி மாறுமா என்பது உள்ளே இருக்கும் நினைவகத்தைப் பொறுத்தது. மொடெமின் நிரல் அழித்தெழுதக்கூடிய பிளாஷ் நினைவகத்தில் இருந்தால், புதிய நிரலைத் தரவிறக்கி அதற்குள் ஏற்றிவிடலாம். மாற்ற முடியாத சிப்பில் இருந்தால், சிப்பைக் கழற்றி வேறு சிப் பொருத்த வேண்டும், அல்லது அந்தப் பெட்டி வாழ்நாள் முழுவதும் ஒரே முகாமின் மொழியைத்தான் பேசும். பெட்டியில் ‘வி.90க்கு மேம்படுத்தலாம்’ என்று இருந்தாலும், எவ்விதம் என்று கேட்க வேண்டியிருந்தது. தொழிற்சாலைக்கு அனுப்பி மாற்றித் தருவோம் என்பதும் ஒருவகை மேம்படுத்தல்தான். திருகோணமலையில் இருப்பவருக்கு அது இல்லை என்பதற்குச் சமம். மேம்படுத்திய பிறகும் பழைய மொழியையும் சேர்த்து வைத்திருக்கும் மொடெம் கூடுதல் நன்மை தந்தது. ஏனெனில் முதல் ஆண்டில் ஒரு முகாமின் சிப்பில் அமைந்த வி.90 மற்ற முகாமின் வி.90 ஓடு பேசும்போது தடுமாறுவதும், வி.90 ஐ நிறுத்திவிட்டுப் பழைய மொழியிலேயே இணைந்தால் இணைப்பு உறுதியாக நிற்பதும் சாதாரணமாகக் காணப்பட்டவை.

இனி எங்கள் ஊரின் பக்கம். மாமா பதிவுசெய்த சேவையின் டயல் எண், அந்த நாட்களில் 01 என்று தொடங்கிய கொழும்பு எண். 250 கிலோமீற்றர் தூரம் கடந்து போகும் அழைப்பில் 56கே எப்படிக் கிடைக்கும் என்று பலர் கேட்டார்கள். எக்ஸ்சேஞ்சிலிருந்து எக்ஸ்சேஞ்சுக்கு இடைப்பட்ட வழி முழுவதும் டிஜிட்டலாக இருந்தால், தூரம் ஒரு பொருட்டன்று. எண்கள் எத்தனை கிலோமீற்றர் போனாலும் எண்களாகவே போய்ச் சேரும். கொழும்பு வரையிலான தூரம் தொலைபேசிப் பில்லில் தெரியும், வேகத்தில் தெரியாது. வேகத்தைத் தீர்மானிப்பது உங்கள் வீட்டிலிருந்து ஊர் எக்ஸ்சேஞ்ச் வரை போகும் செப்புக் கம்பி. எக்ஸ்சேஞ்சுக்கு அண்மையில் குடியிருப்பவருக்கும், நிலாவெளியிலோ சாம்பல்தீவிலோ நீண்ட கம்பியின் நுனியில் குடியிருப்பவருக்கும் ஒரே மொடெம் ஒரே வேகத்தைத் தராது. நீண்ட கம்பிகளில் குரல் தெளிவுக்காக இடையிடையே சுருள்கள் பொருத்தப்பட்டிருந்தால், 3,400 ஹேர்ட்ஸுக்கு மேல் எல்லாம் துண்டிக்கப்பட்டு, 56கே அடியோடு இல்லாமற் போகும்.

செப்புக் கம்பியே இல்லாத இணைப்புகளும் இருந்தன. 1996 க்குப் பிறகு கம்பியில்லா இணைப்புத் தரும் நிறுவனங்கள் இலங்கைக்கு வந்தன. கம்பி இணைப்புக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் இத்தகைய இணைப்புகள் குரலை 32 கிலோபிட்டுக்குள் நெருக்கி அனுப்பும் முறையைப் பயன்படுத்தினால், 8 பிட் எண்கள் வழியிலேயே உருமாறிவிடும். அங்கே 56கே மொடெம் வாங்குவது வீண்செலவு, வி.34 கூட முழு வேகத்தை எட்டாது. அலுவலகங்களில் உள்ளிணைப்புப் பெட்டி ஒன்றின் வழியாக வரும் தொலைபேசியிலும் இதே சிக்கல் வேறு வடிவில் வரும். அந்தப் பெட்டி டிஜிட்டல் வகையாக இருந்து வெளிக்கம்பி அனலொக்காக இருந்தால், அளவீடு இரண்டு தடவை நடக்கிறது. படிக்கல் கணக்கு அத்தோடு குலைந்துவிடுகிறது. மொடெமை அந்தப் பெட்டிக்கு முன்னால், வெளிக்கம்பியில் நேரடியாக மாட்டுவதே பரிகாரம்.

உள்ளே செருகும் மொடெமா, வெளியே வைக்கும் மொடெமா என்பதை நியமத்தோடு சேர்த்தே தீர்மானிக்க வேண்டியிருந்தது. விலை குறைந்த உள்மொடெம்களில் பல, வேலையின் பெரும்பகுதியைக் கணனியின் புரொசசரிடமே தள்ளிவிடுபவை. விண்டோஸ் இல்லாவிட்டால் அவை வெறும் பலகைத் துண்டுகள். அவற்றுக்கு ஒரு நியாயமும் உண்டு: புதிய நியமம் வந்தால் மென்பொருளை மாற்றினால் போதும். ஆனால் மாமாவின் கணனியின் புரொசசருக்குத் தட்டச்சு வேலையே தலைக்கு மேல் இருந்தது. வெளிமொடெம் தன் வேலையைத் தானே பார்க்கும். சிக்கிக்கொண்டால் அதை மட்டும் நிறுத்தித் திரும்பப் போடலாம். அதற்குக் கணனியின் சீரியல் போர்ட்டில் 16550 வகைச் சிப் இருக்க வேண்டும். பழைய 8250, 16450 சிப்புகள் ஒரே ஒரு பைட்டைத்தான் தாங்கிப் பிடிக்கும். 16550 பதினாறு பைட்டுகளைத் தாங்கும். டொஸில் ‘எம்.எஸ்.டி.’ என்று தட்டினால் எந்தச் சிப் என்று காட்டும். மாமாவின் இயந்திரத்தில் நல்லவேளையாக 16550 இருந்தது.

வெளிமொடெமுக்கு என்னிடம் இன்னொரு காரணமும் இருந்தது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் எங்கள் ஊரில் பின்னேரமானால் இடி மின்னல் தொடங்கிவிடும். தொலைபேசிக் கம்பி வழியாக வரும் மின்னல் உள்மொடெமைத் தாக்கினால் தாய்ப்பலகையும் சேர்ந்து போகக்கூடும். வெளிமொடெமைத் தாக்கினால் பெரும்பாலும் அந்தப் பெட்டியோடு முடிந்துவிடும். அதையும் தவிர்க்க, வானம் கறுத்ததும் மொடெமின் தொலைபேசி வயரைக் கழற்றி மேசையில் போட்டுவிடும் பழக்கம் கடையில் ஏற்பட்டது.

வேக வித்தியாசத்துக்குக் காசில் என்ன பெறுமதி? பத்து இலட்சம் பைட்டுகளைத் தரவிறக்க 33,600 இல் ஏறத்தாழ நான்கு நிமிடம். 44,000 இல் மூன்று நிமிடம். அந்த ஒரு நிமிடத்துக்கு வெளியூர் அழைப்புக் கட்டணம் என்னவென்று மாமாவுக்குப் பில்லைப் பாராமலே தெரியும். பெரிய கோப்புகளை அடிக்கடி இறக்குபவருக்கு இந்த மிச்சம் சில மாதங்களில் மொடெமின் விலையைத் திருப்பித் தந்துவிடும். ஓரிரு மின்னஞ்சல்களை எடுத்துவிட்டு உடனே துண்டிப்பவருக்குக் கணக்குத் தலைகீழ்: 56கே மொடெம்கள் கீச்சிட்டுக் கம்பியைச் சோதித்து இணைந்து முடிவதற்கே ஏறத்தாழ அரை நிமிடம் செல்லும், அந்த அரை நிமிடத்துக்கும் பில் ஓடும். 2000 ஆம் ஆண்டில் வந்த வி.92 இந்தக் குறையைத்தான் தீர்க்க முயன்றது. ஒருமுறை சோதித்த கம்பியை நினைவில் வைத்து விரைவாக இணைவதும், தரவேற்றத்தை 48,000 வரை உயர்த்துவதும் அதன் சிறப்புகள். அதற்கும் மறுமுனை ஒத்துழைக்க வேண்டும். பல சேவை நிறுவனங்கள் அதற்குச் செலவிடவில்லை.

மாமாவிடம் நான் சொன்னது: செப்ரெம்பர் வரை பொறுங்கள், அதற்குப் பிறகு, பிளாஷ் நினைவகமுள்ள, வி.90 ஐயும் ஏதாவது ஒரு பழைய மொழியையும் பேசும் வெளிமொடெமாக வாங்குங்கள். அவர் பொறுத்தார், ஆண்டின் கடைசிப் பகுதியில் கே56பிளெக்ஸும் வி.90 உம் பேசும் பெட்டி ஒன்றோடு வந்திறங்கினார். முதல் இரவு 42,667 என்று இணைந்தது. மாமா அந்த எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி மொடெமின் மேல் ஒட்டினார். இரண்டு கிழமைகளில் மாரி பிடித்தது. அதன்பின் 26,400 க்கு மேல் வரவேயில்லை, சில இரவுகளில் இணைப்பு நடுவழியில் அறுந்தது. கடைக்காரர் மொடெம் பழுதென்றார். ஒரு இலக்கத்தை மட்டும் அழுத்திவிட்டுத் தொலைபேசியைக் காதில் வைத்துக் கேட்டபோது, அமைதி இருக்க வேண்டிய இடத்தில் எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. கூரை விளிம்பில், வெளிக்கம்பியும் உட்கம்பியும் முறுக்கப்பட்டிருந்த இடத்தில் சுற்றிய ரேப்பை அவிழ்த்தோம். உப்புக் காற்றிலும் மழைநீரிலும் கிடந்த செப்பு பச்சை பிடித்து, தொட்டதும் பொடிந்தது. அந்த அரையடியை வெட்டியெறிந்து, புதிதாகச் சுரண்டி முறுக்கி, மேலே ஒரு சிறு பிளாஸ்டிக் பெட்டியால் மூடினோம். அன்றிரவு, மழை நிற்காமலே பெய்துகொண்டிருக்க, திரையில் வந்த எண் 45,333.